சேலத்தார் கேட்ட கேள்வி

செவ்வாய்ப்பேட்டைக்குச் சென்றிருந்தோம். லீ பஜார் மண்டிகளிலே மூட்டை இறக்கும் வேலை முடிந்து, வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளிலே சுத்தியல் ஓசை ஓய்ந்து, தேநீர்க் கடைகளிலே பேச்சு சூடேறும் மாலை வேளை. படிப்பகத்துத் திண்ணையிலே பத்துப் பன்னிரண்டு தோழர்கள் கூடியிருந்தனர். மேடை இல்லை, மாலை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஆகவே பேச்சிலே உண்மை இருந்தது!

பட்டறைத் தொழிலாளத் தோழர் ஒருவர் வருத்தத்தோடு ஒரு செய்தி சொன்னார். அவருடைய மகள் படிக்கும் பள்ளியிலே தமிழ் கற்பிப்பவர் ஓர் இசுலாமிய அம்மையார். கண்ணப்பர் கதையை அவர் நடத்திய அன்று, பிள்ளை வீட்டுக்கு ஓடிவந்து, சோறு உண்ணவும் மறந்து, கண்ணைத் தோண்டி அப்பிய அந்த வேடனின் கதையை அப்படியே நடித்துக் காட்டினாளாம். அண்டை வீட்டார் பார்த்தார், முகம் சுளித்தார். நாயன்மார் கதையைத் தொழுகைக்குச் செல்பவர் சொல்லிக் கொடுப்பதா என்று கேட்டாராம். தோழருக்குக் கோபம். கேட்ட நமக்கும் கோபம். அங்கிருந்த எல்லோருக்குமே கோபம்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. மூலையிலே இருந்த இன்னொரு தோழர், நம்மவர், நெடுநாளாக நம் கொடி பிடிப்பவர், எழுந்தார். அது கிடக்கட்டும், புறநானூற்றை ஒரு பார்ப்பனர் நடத்தலாமா, அவருக்கும் அதற்கும் என்ன உறவு என்றார். கைதட்டல் எழுந்தது. தட்டியவர்களிலே, சற்று முன் அண்டை வீட்டார்மீது சினந்தவர்களும் இருந்தனர்! நாம் கைதட்டவில்லை, உடனே மறுத்துரைக்கவும் இல்லை. மறுப்புரை நம் நாவிலே ஆயத்தமாக இல்லை என்பதை ஒப்புக்கொள்வதிலே வெட்கமில்லை. இரவு ஊர் திரும்பும் பேருந்திலே அதே எண்ணம்தான்.

நாட்டிலே இது புதிய வழக்கன்று. 2019ஆம் ஆண்டு காசி இந்துப் பல்கலைக் கழகத்திலே, வடமொழி கற்பிக்க ஓர் இசுலாமிய ஆசிரியர் அமர்த்தப்பட்டார். வடமொழியிலேயே ஆய்வுப் பட்டம் பெற்றவர். அவருடைய தந்தையார் கண்ணன் பாடல்களைப் பாடுபவர். ஆயினும் மாணவர் சிலர் வாயிலிலே அமர்ந்து மறியல் செய்தனர். இலக்கணப் பிழை செய்தார் என்பதா புகார்? இல்லை. பிறந்த இடம் பிழை என்பதே புகார்! அந்த ஆசிரியர் அந்தத் துறையை விட்டு, வேறு புலத்திலிருந்த வடமொழித் துறைக்குச் சென்றார். கருவறைக்குள்ளே நுழையப் பிறப்பு வேண்டும் என்று சொன்னவர்களை எதிர்த்து, 1970இலே சட்டம் செய்து, 2021இலே பயிற்சி பெற்ற பல சாதியினரை அருச்சகராக அமர்த்திய நாட்டிலே வாழ்கிறோம் நாம். பாடம் சொல்லும் பலகைக்கு முன்னே நிற்கவும் பிறப்புச் சீட்டு வேண்டும் என்றால், கருவறையிலே நாம் இடித்த சுவரை வகுப்பறையிலே கட்டுகிறோம் என்றல்லவா ஆகும்?

அப்படியானால், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கற்பிக்கலாமா? கையிலே பட்டச் சான்று இருந்தால் போதுமா? அதற்கும் நம் நெஞ்சு இசையவில்லை. விடை தேடியபோது, சேலத்தார் ஒருவர் குடந்தையிலே கேட்ட கேள்வியொன்று நினைவுக்கு வந்தது. அந்தக் கேள்விக்கு ஆளானவர் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதர். தமிழ்த் தாத்தா என்று நாடு அழைக்கும் உ.வே.சா. அவருடைய வாழ்க்கையை அந்தக் கேள்வியின் வெளிச்சத்திலே பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

1880ஆம் ஆண்டு, அக்டோபர் 21. குடந்தைக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்தார் சேலம் இராமசாமி முதலியார். சேலத்துச் செல்வக் குடியிலே பிறந்தவர். ஆங்கிலக் கல்வியும் தமிழ்ப் பற்றும் ஒருசேர வாய்க்கப் பெற்றவர். வயது முப்பதுகூட ஆகவில்லை. அவரைக் காணச் சென்றார் சாமிநாதர். அரசினர் கல்லூரியிலே தமிழாசிரியராகி எட்டுத் திங்கள் ஆகியிருந்தது, வயது இருபத்தைந்து, மாதச் சம்பளம் 50 ரூபாய். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்ற பெருமை உடன் இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் தஞ்சைத் தரணியிலே தலைகள் நிமிரும். முதலியாரின் முகத்திலோ மாற்றம் இல்லை! என்னென்ன படித்தீர் என்று கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், தலபுராணங்கள் என்று பெரும் பட்டியலே ஒப்பித்தார் ஆசிரியர். அவ்வளவும் கேட்டுவிட்டு, இவற்றாலே பயன் என்ன என்பதுபோல முதலியார் இருந்தார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. பழைய நூல்களைப் படித்ததுண்டா? சிந்தாமணி? சிலப்பதிகாரம்? மணிமேகலை?

படித்ததில்லை. ஆசிரியரும் படித்ததில்லை, அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை. நாடெங்கும் மாணவரைத் திரட்டி, மனப்பாடமாகவே ஆயிரமாயிரம் பாடல் பொழிந்த அந்த மாபெரும் புலவரின் பள்ளியிலே, தமிழின் மூத்த காப்பியங்களுக்கு இடமில்லாமல் போயிருந்தது. காரணம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டாம். சிந்தாமணி சமணர் நூல். மணிமேகலை பௌத்தர் நூல். படிப்பைக் காத்து வளர்த்த இடங்களோ சைவ மடங்கள். எது நம்முடையது, எது நம்முடையதன்று என்று வேலி போட்டார்கள். வேலிக்கு அப்பால் கிடந்ததைக் கரையான் படித்துக் கொண்டிருந்தது!

இந்தச் சாமிநாதரே ஒரு வேலியைத் தாண்டி வந்தவர்தான். 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தவர், இசைவாணரின் பிள்ளை. தமிழ் படிக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, அக்கிரகாரத்திலே ஆதரவா கிடைத்தது? ஆங்கிலம் படித்தால் இந்த உலகிலே பிழைக்கலாம், வடமொழி படித்தால் அந்த உலகிலே பிழைக்கலாம், தமிழ் படித்து எந்த உலகிலே பிழைப்பது என்று கேட்டவர்கள் அவருடைய உற்றார் உறவினர்! அவர்கள் கண்ணிலே தமிழ் அந்தப் பிள்ளைக்கு உரியதன்று. நம் படிப்பகத்துத் தோழர் கேட்ட கேள்வியை, மறுமுனையிலிருந்து அன்று அவர்களே கேட்டுவிட்டனர். இருவர் பேச்சையும் கேட்டிருந்தால் புறநானூறு இன்றும் ஓலையாகவே இருந்திருக்கும்.

பிள்ளையவர்களிடம் அவர் சேர்ந்தபோது, வேளாளர் ஆசிரியர், பார்ப்பனர் மாணவர். தேவாரத்திலே திளைத்த அதே ஆசிரியரிடம் புதுவைச் சவரிராயலு நாயகர் என்ற கிறித்தவர் பாடம் கேட்டார். மாயூரம் முன்சீப்பு வேதநாயகம் பிள்ளையும் கிறித்தவரே. அவர்மீது குளத்தூர்க் கோவை பாடினார் சைவப் பெரும்புலவர். ஆசிரியருக்கு ஓர் ஒவ்வாமை இருந்தது என்றால், அது இசையின்மேல்தான்! கோபாலகிருட்டிண பாரதியாரிடம் இசை பயின்று கொண்டிருந்த சாமிநாதர், தம் ஆசிரியருக்கு அது பிடிக்காது என்றறிந்து விட்டுவிட்டார். நமக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் சிறிது வருத்தமே. பெரியவர்களிடத்திலும் இப்படிப்பட்ட சிறு வேலிகள் இருக்கத்தான் செய்தன.

இன்னொரு வேலியையும் மறைக்கக் கூடாது. ஆசிரியரைத் தெய்வமாகவே மதித்தவர், அந்த ஆசிரியர் வீட்டிலே உடனிருந்து உண்ணவில்லை. உணவு பார்ப்பன வீட்டிலே, தனியே. அந்நாளைய வழக்கம் என்பார்கள். ஆம், வழக்கம்தான். அந்த வழக்கத்தை எதிர்த்துத்தான் பின்னால் ஓர் இயக்கமே பிறக்க வேண்டியிருந்தது. ஆயினும் சோற்றிலே பிரித்த வழக்கம், சொல்லிலே அவர்களைப் பிரிக்க முடியவில்லை. 1876இலே பிள்ளையவர்கள் மறையும் வரை உடனிருந்து பாடம் கேட்டார் மாணவர். பிற்காலத்தில் ஆசிரியருடைய வாழ்க்கையை இரு பாகங்களாக எழுதி வைத்தார்.

குடந்தைக்குத் திரும்புவோம். முதலியார் கேள்வி கேட்டதோடு நிற்கவில்லை. சிந்தாமணியின் கையெழுத்துப் படியொன்றைக் கொடுத்தார். இதைத் தமக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக் கொண்டார். வேடிக்கையைப் பாருங்கள்! படியாத நூலுக்கு ஆசிரியராக அமர்த்தப்படுகிறார் ஒருவர். அமர்த்துபவரோ, ஆசிரியர் படிக்கவில்லை என்பதை அறிந்தே அமர்த்துகிறார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓய்வு நேரங்களிலும் இருவரும் அமர்ந்து படித்தனர். நச்சினார்க்கினியர் உரை இருந்தது. இலக்கணம் இருந்தது. மகாவித்துவானிடம் பெற்ற பயிற்சி இருந்தது. எல்லாம் இருந்தும் கதவு திறக்கவில்லை.

ஏன்? சொல் தமிழ்ச் சொல்தான். சித்தர் என்ற சொல்லை எடுத்துக் கொள்வோம். நம் நாட்டுச் சிற்றூரிலே கேட்டால், மலைக்குகையிலே மூலிகை அரைப்பவர், செம்பைப் பொன்னாக்குபவர் என்பார்கள். சிந்தாமணியின் கடவுள் வாழ்த்தோ சித்தர் வணக்கத்திலே தொடங்குகிறது. அங்கே சித்தர் என்றால் எல்லா வினையும் அற்று, உலகின் உச்சியிலே வீடுபேற்று நிலையிலே நிற்பவர். பிள்ளையார் காப்போடு தொடங்கும் நூல்களிலே ஊறியவருக்கு, வாயிற்படியே தடுக்கியது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல், பதின்மூன்று இலம்பகம், ஒவ்வொன்றிலும் சமணர் வினைக் கொள்கை, சமணர் நோன்பு, சமணர் வானுலகம். அகராதி எழுத்துக்குப் பொருள் சொல்லும், வாழ்க்கைக்குச் சொல்லுமா?

இந்த இடத்திலேதான் நாம் தேடிய மனிதரைக் காண்கிறோம். சம்பளம் வருகிறது, கல்லூரியிலே கேட்பார் இல்லை, தெரிந்ததுபோல் பேசி ஒப்பேற்றியிருக்கலாம். பட்டம் பெற்ற எத்தனையோ பேர் இன்று அதைத்தானே செய்கிறார்கள்! அவர் விசாரித்தார். குடந்தையிலேயே சமணக் குடும்பங்கள் வாழ்கின்றன என்றறிந்தார். புறப்பட்டார். நெற்றியிலே திருநீறு, உள்ளத்திலே சிவபக்தி. போகுமிடமோ, ஆளுடைய பிள்ளையார் காலத்திலே மதுரையில் எண்ணாயிரம் பேர் கழுவேறினர் என்று சைவரின் புராணம் பெருமையோடு பேசுகிறதே, அந்தச் சமணரின் வீடு! கதை உண்மையோ பொய்யோ, ஒரு சமணப் பெரியவர் திருநீற்றைக் கண்டதும் அதை நினைக்காமல் இருந்திருப்பாரா?

சென்ற வீட்டிலே கோலம் போட்டிருந்தது. மாவிலைத் தோரணம் தொங்கியது. திருமணமோ என்று நினைத்துக் கேட்டார். இல்லை, ஆறு திங்களாகச் சிந்தாமணி படித்து வந்தோம், இன்று நிறைவு பெற்றது, அதற்கான விழா என்றார்கள்! திகைத்துப் போனார் தமிழாசிரியர். எந்த நூலின் முதற்பாட்டிலேயே தாமும் முன்சீப்பும் முட்டிக் கொண்டிருந்தார்களோ, அந்த நூலை அதே ஊரிலே, சில தெருக்களுக்கு அப்பால், வீட்டு விழாவாகவே படித்துக் கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கல்லூரிப் பண்டிதர்கள் அல்லர். வணிகர்கள், நிலமுடையோர், குடும்பத்தார். பழங்காப்பியம் செத்துவிட்டது என்று தமிழ் நாட்டுப் புலவர் கூட்டம் நினைத்தபோது, அது உயிரோடு இருந்தது. இவர்கள் கதவைத் தட்டவில்லை, அவ்வளவே.

அன்று தட்டத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. சந்திரநாத செட்டியார் என்ற சமணப் பெரியவர் விளக்கம் சொன்னார். கல்லூரி முடிந்ததும் ஐயங்களைச் சுமந்து கொண்டு அங்கே செல்வார். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் அந்த வீட்டார், தங்கள் நேரத்தை அவருக்குத் தந்தனர். சமண நூல்களைக் காட்டினர், வழக்கங்களைச் சொன்னர். கல்லூரியிலே ஆசிரியர், அங்கே மாணவர். இந்தப் பிறவியிலே வந்து சேர்ந்த சைவரை, வீடுபேற்றுக்குத் தகுதியுள்ள உயிர் என்ற பொருள்பட, பவ்விய சீவன் என்று அழைக்கும் அளவுக்கு அன்பு வளர்ந்தது. தங்கள் நூலைத் திருடிச் செல்ல வந்தவர் என்று எண்ணியிருக்கலாம். பழம் பகையை நினைத்துக் கதவை அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. உ.வே.சா.வைப் புகழும் கூட்டங்களிலே அந்தக் குடந்தைச் சமணர்களுக்கு ஒரு மாலையாவது போடுகிறோமா நாம்?

உரையாசிரியர் நச்சினார்க்கினியரைப் பற்றியும் ஒரு பழங்கதை உண்டு. மதுரைச் சைவப் பார்ப்பனரான அவர் முதலிலே சிந்தாமணிக்கு உரை எழுதிச் சமணரிடம் காட்டினாராம், அவர்கள் ஏற்கவில்லையாம். பிறகு செஞ்சிப் பக்கத்துச் சித்தாமூருக்குச் சென்று, சமணராகவே நடித்து அவர்களோடு வாழ்ந்து, நூல்களைக் கற்று, மறுபடி எழுதினாராம். கதைதான். ஆனால் கதை கட்டியவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருக்கிறது. சொல்லறிவு மட்டும் போதாது என்பது. ஒரு வேறுபாடு உண்டு. பழையவர் வேடம் போட வேண்டியிருந்தது, உ.வே.சா. திருநீற்றை அழிக்காமலே போனார், அழிக்கச் சொல்லாமலே அவர்களும் ஏற்றனர். ஐந்நூறு ஆண்டுகளிலே தமிழ் நாடு அந்த அளவுக்காவது முன்னேறியிருந்தது என்று மகிழலாம்.

அந்த மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. சைவருள் சிலர் சீறினர். சோழ மன்னன் சிந்தாமணியிலே மயங்கிக் கிடந்தான் என்றும், அந்த மயக்கத்தைத் தெளிவிக்கவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்றும் பழைய வரலாறு ஒன்று உண்டல்லவா? சேக்கிழார் விரட்டிய நூலை, சிவனடியார் மரபிலே வந்தவர் அச்சிட்டு அழைத்து வருவதா என்றனர். இந்தப் பக்கம் பிறப்பைக் காட்டித் தடை; அந்தப் பக்கம் சமயத்தைக் காட்டித் தடை. அவர் வாதிடவில்லை, கலகம் செய்யவில்லை. அது அவர் இயல்பன்று. நாமாக இருந்தால் நான்கு கூட்டமாவது போட்டிருப்போம்! அவர் அச்சுத் தாளிலே பிழை திருத்திக் கொண்டிருந்தார். திருவாவடுதுறைச் சைவ மடத்து ஏடுகளிலிருந்தும் அந்தச் சமண நூலுக்குப் படி கிடைத்தது. 1887இலே சீவக சிந்தாமணி முழு நூலாக, நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்தது.

பிறகு வந்தவற்றை நாடறியும். 1889இலே பத்துப்பாட்டு, 1892இலே சிலப்பதிகாரம், 1894இலே புறநானூறு, 1903இலே ஐங்குறுநூறு, 1904இலே பதிற்றுப்பத்து, 1918இலே பரிபாடல், 1937இலே, எண்பத்திரண்டாம் வயதிலே, குறுந்தொகை. ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த கதைகளை அவரே எழுதியிருக்கிறார். நாம் மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

மணிமேகலையைப் பற்றி மட்டும் நின்று பேச வேண்டும். சிந்தாமணிக்குச் சமணர் இருந்தனர். கதவைத் தட்டினால் திறப்பார்கள். மணிமேகலைக்கு யார்? பௌத்தம் தமிழ் நாட்டிலே மடிந்து பல நூற்றாண்டு. நாகையிலே விகாரம் இருந்த இடத்திலே விகாரம் இல்லை, காஞ்சியிலே கேட்பாரில்லை. தட்டுவதற்குக் கதவே இல்லாத வீடு! சேலத்திலேயே பாருங்கள்: பெரியேரியிலே தலைவெட்டி முனியப்பன் என்று மக்கள் வழிபட்டு வந்த சிலை, புத்தர் சிலையே என்று தொல்லியல் துறை ஆராய்ந்து சொல்ல, 2022இலே சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக் கொண்டது. புத்தரை முனியப்பனாக்கி மறந்துவிட்ட நாட்டிலே, புத்தரின் காப்பியத்தை யாரிடம் கேட்டு அறிவது?

அப்போது உதவியவர் மளூர் இரங்காசாரியார். குடந்தைக் கல்லூரியிலே உடன் பணியாற்றியவர், வைணவப் பார்ப்பனர். பௌத்தத்தைப் பற்றி ஆங்கிலத்திலே வந்த நூல்களைப் படித்து, அவற்றின் கருத்துகளைத் தமிழாசிரியருக்கு விளக்கினார். சைவர் பதிப்பிக்க, வைணவர் விளக்க, வெள்ளைக்காரர் எழுதிய நூல் துணை நிற்க, 1898இலே தமிழ்ப் பௌத்தரின் காப்பியம் வெளிவந்தது. அதோடு புத்தர் வரலாற்றையும் அறத்தையும் சங்கத்தையும் பற்றித் தமிழிலே உரைநடையாக எழுதிச் சேர்த்தார். பௌத்த உறவு துளியும் இல்லாத இருவர் செய்த வேலை. இன்றும் மணிமேகலையைக் கற்பிக்கும் எவரும் அதைத் தாண்டாமல் போக முடியாது.

ஆனால் அதே 1898ஆம் ஆண்டிலே, சென்னை இராயப்பேட்டையிலே, வேறொருவர் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பண்டிதர் அயோத்திதாசர். சித்த மருத்துவர், இலங்கைக்குச் சென்று பௌத்தம் தழுவி வந்தவர். தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட தம் மக்களே பழைய பௌத்தர்கள் என்றும், பௌத்தத்தை விடாததற்காகவே தாழ்த்தப்பட்டனர் என்றும் வாதிட்டவர். 1907இலே தொடங்கிய தம் தமிழன் ஏட்டிலே மணிமேகலையையும் குறளையும் தம் வீட்டுச் சொத்தாகவே எடுத்துப் பேசினார். குடந்தைப் பதிப்பாசிரியருக்கு அது ஓலை. இராயப்பேட்டைப் பண்டிதருக்கு அது பறிபோன பட்டா!

யார் சரி? நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். உறவு அயோத்திதாசருக்குக் கண் தந்தது. பிறர் காணாத வலியை அந்த நூலிலே அவர் கண்டார். அதே உறவு சில இடங்களிலே, நூல் சொல்லாததையும் சொல்ல வைத்தது. அவருடைய சொல்லாராய்ச்சி எல்லாவற்றையும் இன்று அறிஞர் ஏற்பதில்லை. உறவில்லாமை உ.வே.சா.வுக்கு நிதானம் தந்தது. பாட்டிலே இல்லாததை அவர் ஏற்றவில்லை. ஆனால் குடந்தையிலே சமணர் தெருவுக்குச் சென்ற கால்கள், சேரிக்குச் செல்லும் என்று அந்தக் காலத்து அக்கிரகாரத்திலே யார்தான் எதிர்பார்ப்பார்? பௌத்தத்தின் மிச்சம் அங்கே இருக்கக்கூடும் என்று எண்ணவே அன்றைய படிப்பு இடம் தரவில்லை. இங்கே பழுது பிறப்பிலே இல்லை. போகாத தெருவிலே இருக்கிறது. ஒரு மாணவனுக்கு மணிமேகலை நடத்தும் ஆசிரியர், இருவரையும் படித்தாக வேண்டும் என்பது நம் எண்ணம்.

கடல் கடந்தும் சிலர் இருந்தனர். ஆக்சுபோர்டிலே தமிழ் கற்பித்த போப் ஐயர், உ.வே.சா.வுக்கு மடல் எழுதினார். பாரிசிலே தமிழ் கற்பித்த சூலியன் வின்சோனும் மடல் எழுதினார்; அவர் காரைக்காலிலே வளர்ந்தவர். போப் ஐயர் கனடாவிலே பிறந்தவர். பத்தொன்பது வயதிலே தமிழகம் வந்து, பல்லாண்டு சாயர்புரத்திலும் தஞ்சையிலும் பிற ஊர்களிலும் வாழ்ந்து, மக்களோடு பேசிப் பேசிக் கற்ற தமிழைத்தான் ஆக்சுபோர்டிலே கற்பித்தார். குறளை மொழிபெயர்த்து 1886இலும், திருவாசகத்தை மொழிபெயர்த்து 1900இலும் வெளியிட்டார். பாதிரியார் ஒருவருக்குத் திருவாசகத்திலே என்ன உறவு என்று கேட்டு, 1968இலே அண்ணா முதலமைச்சராக இருந்தபோது கடற்கரையிலே அவருக்குச் சிலை வைக்காமலா விட்டோம்? போப்புக்கும் கால்டுவெல்லுக்கும் வீரமாமுனிவருக்கும் சிலை வைத்த கைகளல்லவா நம் கைகள்! படிப்பகத்துத் தோழருக்கு அன்று மாலை இதையாவது நாம் சொல்லியிருக்கலாம்.

உ.வே.சா. 1903இலே சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். 1919 வரை பணியாற்றினார். மகாமகோபாத்தியாயர் என்ற பட்டம் 1906இலே வந்தது. தமிழுக்குத் தொண்டு செய்தவருக்குத் தமிழிலே ஒரு பட்டம் கொடுக்க வழியில்லாத ஆட்சி அது! தம் திருவல்லிக்கேணி வீட்டுக்கு, தமக்குக் கல்லூரி வேலை வாங்கித் தந்த தியாகராச செட்டியாரின் பெயரையே வைத்தார். அவருடைய உரைநடையிலே வடசொல் மிகுதி. சாதி வழக்கங்களை அவர் எதிர்த்தாரில்லை. நம் இயக்கம் கேட்ட கேள்விகள் எதையும் அவர் கேட்டாரில்லை. அவற்றிலே நமக்கு அவரோடு வழக்கு உண்டு. அந்த வழக்கைக் கைவிடப் போவதும் இல்லை. ஆனால் சேரனும் சோழனும் பாண்டியனும் எப்படி வாழ்ந்தனர் என்று மேடையிலே நாம் முழங்குகிறோமே, அந்த முழக்கத்துக்கு ஏடு எடுத்துக் கொடுத்த கை அவருடையது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்திலே கண் மூடினார்.

மறு வாரம் செவ்வாய்ப்பேட்டைக்கு மீண்டும் சென்றோம். அதே திண்ணை, அதே தோழர்கள். இந்தக் கதையைச் சொன்னோம். புறநானூற்றுக் கேள்வி கேட்ட தோழர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அந்த இசுலாமிய அம்மையார் கண்ணப்பர் கதையை எங்கிருந்து அவ்வளவு உருக்கமாகக் கற்றார் என்று பட்டறைத் தோழரிடம் கேட்டார். பட்டறைத் தோழர் மகளிடம் விசாரித்தே வைத்திருந்தார்: வகுப்புக்கு முதல் நாள், தம் தெருவிலே தேவாரம் ஓதும் முதியவர் ஒருவர் வீட்டுக்குச் சென்று, மாலை முழுதும் கேட்டுவிட்டு வந்தாராம் அந்த அம்மையார்.

சேலம் இராமசாமி முதலியார் பின்னர்ச் சென்னையிலே வழக்கறிஞரானார். 1885இலே இந்தியர் குறைகளை எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற மூவரிலே ஒருவரானார். சிந்தாமணி அச்சேறி வந்ததைக் கண்டார். 1892இலே, நாற்பது வயதளவிலே மறைந்தார். சிலப்பதிகாரம் வெளிவந்ததும் அதே ஆண்டு. குடந்தையிலே அன்று அவர் கேட்ட மூன்று நூல்களிலே மூன்றாவது வெளிவந்தபோது, அவர் மறைந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது.